பார்வைப் புறாவும் பிள்ளையின் பார்வையும்

ஒரு விலங்கைப் பிடிக்க அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்றைப் பழக்கி, அதைக் கட்டிவைத்து, அதன் இருப்பையே வலையாக்கும் முறை தமிழ்நிலத்துக்குப் புதிதன்று. அவ்வாறு பழக்கப்பட்ட மானையும் பறவையையும் சங்க நூல்கள் ‘பார்வை’ என்ற சொல்லால் குறிக்கின்றன. தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் இப்பொருள் இன்றும் கிடைக்கும். காண்பதற்கும், காண்பவரை ஏமாற்ற வைக்கும் பொருளுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட மொழி நம்முடையது. நாம் இங்கே பேசப்போவது தமிழ்நிலத்து வேட்டையைப் பற்றி அன்று. இங்கிலாந்தின் வயல்வெளிகளில் தந்தையோ தாயோ தம் பிள்ளையை அழைத்துக்கொண்டுபோய், போலிப் புறாக்களைப் பரப்பி, மரப்புறாக்களைச் சுடும் ஒரு நாள் பொழுதைப் பற்றி. தொலைவில் இருக்கும் வழக்கம்தான். எனினும் ‘பார்வை’ என்ற இந்தப் பழஞ்சொல் நம் கையில் இருப்பதால் அதைப் பற்றிச் சிந்திக்க நமக்கும் ஒரு வாசல் உண்டு என்று கருதுகிறோம்.

முதலில் பறவை. கோயில் கோபுரங்களிலும் ரயில் நிலையங்களிலும் நாம் காணும் மாடப்புறா அன்று இது. மரப்புறா உருவில் பெரியது. அரைக் கிலோ எடை வரும். கழுத்தின் இருபுறமும் வெண்திட்டு, பறக்கையில் சிறகின் குறுக்கே பளிச்சென்று தெரியும் வெள்ளைப் பட்டை. பிரித்தானியாவில் ஏறத்தாழ 50 லட்சம் இணைகள் கூடு கட்டுவதாக மதிப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் குளிர்காலமே இதன் எண்ணிக்கையை அடக்கிவைத்தது. பனி மூடிய வயலில் தின்பதற்கு அதிகம் இராது. 1970களுக்குப் பின் நிலைமை மாறியது. கடுகின் உறவான ரேப் என்னும் எண்ணெய்வித்துப் பயிரை இலையுதிர் காலத்தில் விதைக்கும் வழக்கம் பரவியது. குளிர்காலம் முழுவதும் பசுமையான இலை ஏக்கர் கணக்கில் விரிந்து கிடந்தது. மரப்புறா பெருகியது. ஆக, இன்று உழவர் தொல்லை என்று சொல்லும் இந்தப் பெருந்திரளை வளர்த்ததில் உழவுக்கும் ஒரு பங்குண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ‘தீங்குயிர்’ என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அடுத்து அந்த நாளின் நடைமுறை. இதில் துப்பாக்கிக்கு இருக்கும் இடம் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடச் சிறியது. தேர்ந்தவர்கள் முந்தைய நாளே தொலைநோக்கியோடு வந்து வரப்போரம் நின்று பார்ப்பார்கள். புறாக்கள் எந்தத் தோப்பிலிருந்து கிளம்புகின்றன, எந்த வேலியோரமாகப் பறக்கின்றன, வயலின் எந்த மூலையில் இறங்குகின்றன என்று கணக்கெடுப்பார்கள். வானத்தில் நமக்குத் தெரியாத பாதைகள் அவற்றுக்கு இருக்கின்றன. காற்று மாறினால் பாதையும் மாறும். மறுநாள் காலை அந்தப் பாதைக்கு அடியில், வேலியை ஒட்டிக் கம்புகளை நட்டு, இலைநிற வலையைக் கட்டி ஒரு மறைவிடம் அமைப்பார்கள். இருபது இருபத்தைந்து கெஜ தூரத்தில் போலிகளைப் பரப்புவார்கள். நெகிழியில் செய்த வெற்று ஓடுகள் சில. சிறகடிப்பதுபோல் அசையும் பொறிகள் சில. பேட்டரியில் சுழலும் இரு நீண்ட கைகளில் புறாக்களைப் பொருத்தி, இறங்கப்போகும் பறவைகள் வட்டமிடுவதுபோல் காட்டும் எந்திரம் ஒன்று. பறவைகள் காற்றை எதிர்கொண்டே இறங்கும். ஆதலால் போலிகளின் முகமும் ஏறக்குறைய காற்றுத் திசை நோக்கியே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திசையில் அணிவகுத்து நிறுத்தினாலும் புறா நம்பாது. குதிரை லாட வடிவில் பரப்பி நடுவே ஓர் இடத்தை வெறுமையாக விடுவார்கள். வானத்தில் வரும் பறவை, ‘இங்கே நமக்கு இடம் இருக்கிறது’ என்று அந்த வெறுமைக்கு இறங்கிவரும். சுடுவது அப்போதுதான்.

பொழுது ஏற ஏற, நெகிழிப் புறாக்களின் இடையே அன்று சுடப்பட்ட புறாக்களையும் கழுத்துக்கு அடியில் சிறு குச்சி முட்டுக்கொடுத்து, மேய்வதுபோல் நிறுத்துகிறார்கள். செத்தவை உயிருள்ளவற்றை அழைக்கின்றன. இந்த வேலை பெரும்பாலும் பிள்ளைக்குத்தான் தரப்படுகிறது. பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தை, இன்னும் சூடு ஆறாத ஒரு பறவையைக் கையில் ஏந்தி, அதன் கழுத்தை நேராக்கி, உயிரோடு இருப்பதுபோல் தோன்றச் செய்கிறது. நம்மில் பலருக்கு வயிற்றைப் பிசையும் காட்சி இது. அந்தப் பிசைதலையே முடிவான வாதமாக ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்பதே நம் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். பிரித்தானியாவில் 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி எல்லாக் காட்டுப் பறவைகளும் பாதுகாக்கப்பட்டவை; மரப்புறாவும்தான். பயிருக்குக் கடுமையான சேதம் வராமல் தடுப்பது போன்ற சில காரணங்களுக்காக மட்டும் அரசு ‘பொது உரிமம்’ என்ற ஒன்றை வெளியிடுகிறது. அதன் நிபந்தனைக்குள் அடங்குபவர் தனியாக விண்ணப்பிக்காமலே சுடலாம். வெடியொலி எழுப்பும் கருவி, பருந்து வடிவப் பட்டம் போன்ற விரட்டும் வழிகள் போதாதபோதுதான் துப்பாக்கி என்பது அதன் உள்ளுறை. 2019 ஏப்ரலில் வைல்டு ஜஸ்டிஸ் என்ற அமைப்பு தொடுத்த சட்ட நடவடிக்கையை அடுத்து, இங்கிலாந்தின் இயற்கைப் பாதுகாப்பு முகமை இத்தகைய மூன்று உரிமங்களைத் திரும்பப் பெற்றது. விதைப்புப் பருவத்தில் உழவர்கள் கொதித்தார்கள். அவ்வமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான கிறிஸ் பேக்கமின் வீட்டு வாயிற்கதவில் செத்த காக்கைகளைக் கட்டித் தொங்கவிட்டவர்களும் உண்டு. பிறகு புதிய உரிமங்கள் வந்தன. மரப்புறா மீண்டும் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அந்தச் சில வாரங்கள் ஓர் உண்மையை எல்லோருக்கும் நினைவூட்டின. இது விளையாட்டுக்கான அனுமதி அன்று, காரணத்துக்கான அனுமதி. பொழுதுபோக்குக்காக மரப்புறாவைச் சுட அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை.

பிள்ளையின் வயதைப் பற்றிய விதிகள் நமக்கு வியப்பளிக்கலாம். சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கான சான்றிதழ் பெற அங்கே குறைந்தபட்ச வயது என்று ஒன்று இல்லை. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர், இருபத்தொரு வயதோ அதற்கு மேலோ ஆனவரின் கண்காணிப்பில் மட்டுமே அதைக் கையாளலாம்; பதினெட்டு வயது வரை விலைக்கு வாங்க முடியாது. அதாவது சட்டம் குழந்தையைத் தடுக்கவில்லை. குழந்தையின் பக்கத்தில் ஒரு பெரியவரை நிறுத்துகிறது. அந்தப் பெரியவர் எத்தகையவர் என்பதைச் சட்டத்தால் சொல்ல இயலாது. நம் கட்டுரை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது எனலாம்.

இந்த வழக்கத்தைக் கேள்விப்படும் தமிழ் வாசகரிடம் பொதுவாக இரண்டு எதிர்வினைகள் எழக்கூடும். ஒன்று, ‘குழந்தையின் கையில் கொலைக்கருவியா?’ என்ற பதைப்பு. மற்றொன்று, ‘வெள்ளைக்காரனின் பொழுதுபோக்கு, நமக்கென்ன?’ என்ற விலகல். இரண்டுமே நம்மைச் சுலபமாக விடுவித்துவிடுகின்றன. பதைப்பவருள் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை காலை கோழிக்கடை வரிசையில் நிற்பவர்கள்தாம். பிள்ளையைத் துணைக்கு அழைத்துச் செல்வார்கள். ஆனால் கடைக்காரர் நீல நிறப் பீப்பாய்க்குள் கோழியைப் போடும் நேரத்தில் ‘அந்தப் பக்கம் பார்’ என்று முகத்தைத் திருப்பிவிடுவார்கள். உண்பதற்கும் கொல்வதற்கும் இடையே உள்ள அந்த ஒரு நிமிடத்தை மறைப்பதையே நாம் மென்மை என்று அழைத்துவருகிறோம். ஊனுணவை முற்றாக நீக்கியவர் இந்த வேட்டையை மறுக்கும்போது அவர் சொல்லில் ஒரு முழுமை இருக்கிறது, அதை மதிக்கிறோம். மற்றவர்கள் மறுக்கும்போது, எதை மறுக்கிறோம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கொல்வதையா, கொல்வதைக் காண்பதையா?

வேட்டைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கவற்றுள் வலுவானது எதுவென்று கேட்டால், அது காணும் பயிற்சி என்போம். ஓர் எடுத்துக்காட்டு. அதே வயல்களில் மரப்புறாவோடு கலந்து மேயும் இன்னொரு புறா உண்டு. சற்றுச் சிறியது, கழுத்தில் வெண்மை கிடையாது, சிறகில் வெள்ளைப் பட்டை கிடையாது. மரப்பொந்துகளில் கூடு வைக்கும் அந்தப் புறா பொது உரிமத்தின் பட்டியலில் இல்லை. அதைச் சுடுவது குற்றம். இன்னொரு சிக்கல், மரப்புறாவின் இளம்பறவைக்கும் கழுத்து வெண்மை இராது. ஆகவே சிறகின் பட்டையைக் கண்டால்தான் உறுதி. வானத்திலிருந்து ஒரு பறவை இறங்கிவரும் இரண்டு மூன்று விநாடிக்குள், காற்றின் விசையையும் தூரத்தையும் கணித்து, அதன் சிறகைப் படித்து, ‘இது அதுவன்று’ என்று துப்பாக்கியைத் தாழ்த்த ஒரு குழந்தை கற்றுக்கொள்கிறது என்றால் அது சாதாரணக் கல்வியன்று. நம் நகரத்துப் பிள்ளைகளுள் மணிப்புறாவுக்கும் மாடப்புறாவுக்கும் வேறுபாடு சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மாலையில் நடப்பதும் அதே கல்வியின் தொடர்ச்சி. சுட்ட பறவையை இறகு பறித்துச் சுத்தம் செய்கையில், தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையைத் திறந்து பிள்ளைக்குக் காட்டுகிறார்கள். குளிர்காலமானால் கசங்கிய ரேப் இலை, வேனிலானால் பட்டாணி, அறுவடைக்குப் பிறகு அரிதாள் வயலில் சிந்திய கோதுமை மணி. எதற்காகச் சுட்டோம் என்ற கேள்விக்கு அந்தப் பை ஒரு பதில் தருகிறது. பயிரின் இலை அதில் இருந்தால் உழவர் சொன்னது உண்மை. சிந்திய மணி மட்டுமே இருந்தால், யாருக்கும் பயன்படாத ஒன்றைப் பொறுக்கித் தின்ற பறவையை நாம் சுட்டிருக்கிறோம். பிள்ளை அந்த இடத்தில் கேள்வி கேட்கும். பெரியவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

துப்பாக்கியில் தொடங்கிய பார்வை எங்கே போய்ச் சேரக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல். வழக்கமான ஊர்க்குருவியில்லையே என்ற ஐயத்துடன் மாமா அமிருத்தீன் தையப்ஜியிடம் அதைக் காட்ட, அவர் பையனை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். கழகத்தின் செயலர் மில்லர்டு, அந்தக் குருவியின் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பின்னாளில் இந்தியப் பறவையியலின் தந்தையாக அறியப்பட்டவர் 1985இல் எழுதிய தன்வரலாற்றுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சியையே தலைப்பாக வைத்தார். இந்தக் கதையை எடுத்துக்காட்டித் ‘துப்பாக்கி கொடுங்கள், அறிஞர் ஆவார்கள்’ என்று சொல்வது அபத்தம். சுட்டவர்கள் ஆயிரம் பேர். சாலிம் அலி ஒருவர். நாம் கவனிக்க விரும்புவது வேறு. அந்தச் சிறுவன் விழுந்த பறவையை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை, குனிந்து பார்த்தான். அவன் கேட்ட கேள்விக்கு மூத்தவர்கள் மதிப்பளித்தார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். இந்த வழக்கத்தைக் காப்பவர்கள் பிள்ளைகளிடம் சொல்லும் காரணங்களுள் சில, நிற்கக் கூடியவை அல்ல.

‘எண்ணிக்கையைக் குறைக்கிறோம்’ என்பது முதலாவது. 1950களிலும் 60களிலும் பிரித்தானிய அரசே தோட்டா விலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு புறாச் சுடுதலை ஊக்குவித்தது. அக்காலத்தில் ஆர்.கே.முர்ட்டன் என்ற ஆய்வாளர் கேம்பிரிட்ஜ்ஷைரின் வயல்களில் ஆண்டுக்கணக்கில் மரப்புறாக்களை எண்ணினார். அவர் கண்டது எளிமையானது. குளிர்காலத்தில் இருக்கும் உணவு இத்தனைப் பறவைகளைத்தான் தாங்கும். மிஞ்சியவை எப்படியும் பசியால் இறக்கும். துப்பாக்கி கொன்றவை பெரும்பாலும் பசி கொன்றிருக்கக் கூடியவையே. வசந்தத்தில் எஞ்சும் எண்ணிக்கை ஏறத்தாழ மாறவில்லை. தோட்டா மானியமும் பிற்பாடு நிறுத்தப்பட்டது. ஆகவே ஒரு வயலில், ஒரு வாரத்தில், இளம்பயிரை விட்டுப் புறாக்களை விரட்டுவதற்குச் சுடுதல் உதவலாம்; நாட்டின் மரப்புறாத் தொகையை ஒரு தந்தையும் மகளும் குறைக்கிறார்கள் என்பது ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்வது.

இரண்டாவது, ‘தீங்குயிர்’ என்ற சொல். ஒரு பறவைக்கு இந்தப் பெயரைச் சூட்டியவுடன் கொல்பவரின் மனம் இலேசாகிவிடுகிறது. பெரியவர்கள் அச்சொல்லைப் பொருளாதாரக் கணக்காகப் பயன்படுத்தலாம். குழந்தை அதை அறத்தீர்ப்பாகவே கேட்கும். ‘அது கெட்ட பறவை, அதனால் சுடலாம்’ என்று கற்ற மனம், நாளை வேறு எதற்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டும் என்பதை வரலாறு அறிந்தவர்கள் யோசித்துப் பார்க்கலாம். மரப்புறா கெட்டதும் அன்று, நல்லதும் அன்று. மனிதன் விரித்த மேசையில் வந்து அமர்ந்தது, அவ்வளவே.

மூன்றாவது, பருவம். மரப்புறாவின் இனப்பெருக்கம் தானியம் முற்றும் ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். புறா இனத்தில் தாய், தந்தை இரண்டுமே தீனிப்பையில் ஊறும் பாலைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அடைகாப்பதிலும் முறை வைத்துக்கொள்கின்றன. சாய்ந்த கோதுமை வயலில் போலிகளை வைத்துச் சுடப்படும் பறவை, எங்கோ ஒரு வேலிமரத்தில் சுள்ளிகளை இலேசாக அடுக்கிய கூட்டில் இரண்டு குஞ்சுகளை விட்டுவந்ததாக இருக்கலாம். சட்டம் இதற்குத் தடைக்காலம் எதையும் வைக்கவில்லை. பெற்றவரும் பிள்ளையும் சேர்ந்து செய்யும் ஒரு செயலில், இன்னொரு பெற்றவர் கூட்டுக்குத் திரும்பாமல் போகக்கூடும் என்பதை மறைத்து எந்தக் கல்வியைக் கொடுக்கப்போகிறோம்?

நான்காவது, எண்ணிக்கை மோகம். ஹாம்ப்ஷைரில் புறாச் சுடுதலையே தொழிலாகக் கொண்ட ஆர்ச்சி கோட்ஸ் 1962இல் ஒரே நாளில் 550 மரப்புறாக்களைச் சுட்டது நெடுங்காலம் சாதனையாகப் பேசப்பட்டது. அவர் உழவர்களின் தேவைக்காக உழைத்தவர். பறவைகளின் பழக்கத்தை நுட்பமாக அறிந்தவர். ஆனால் அந்தத் தலைமுறையின் நுட்பத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது சுலபம். பறவைகளை வரிசையாக அடுக்கி, நடுவே பிள்ளையை நிறுத்தி எடுக்கும் படங்களில் நம்மை உறுத்துவது இறந்த பறவைகள் அல்ல. அந்தப் படத்தில் எந்தப் பறவையும் தனியாகத் தெரிவதில்லை என்பதே உறுத்துகிறது. வட அமெரிக்காவின் பயணிப்புறாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. முந்நூறு கோடிக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்ட அந்த இனத்தைப் பிடிக்க, உயிருள்ள ஒரு புறாவின் இமைகளைத் தைத்து, அசையும் ஒரு தட்டில் கட்டி, அதன் சிறகடிப்பால் கூட்டத்தை வலைக்குள் இறக்கினார்கள். பார்வைப் புறாவுக்குப் பார்வை இல்லாமல் செய்தார்கள். அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. மரப்புறாவுக்கு அந்தக் கதி வரும் என்று நாம் சொல்லவில்லை. எண்ணிக்கையின் பெருக்கம் ஒரு பறவையைக் காண்பதிலிருந்து நம் கண்களை விலக்கிவிடும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிதறுகுண்டு நெடுங்காலமாக ஈயத்தால் செய்யப்பட்டது. அது நிலத்தில் தங்கி, குண்டைக் கல்லென்று விழுங்கும் பறவைகளை நஞ்சாக்குகிறது; அவ்விறைச்சியை உண்ணும் குழந்தையின் உடலுக்கும் நல்லதன்று. 2020இல் அந்நாட்டின் வேட்டை அமைப்புகள் ஐந்தாண்டுக்குள் தாமாகவே ஈயத்தைக் கைவிடுவோம் என்று அறிவித்தன, பெருமளவில் நடக்கவில்லை. 2025 ஜூலையில் அரசு மூன்றாண்டு இடைக்காலத்துடன் தடையை அறிவித்தது. பிள்ளைக்கு இயற்கையைக் கற்பிக்கிறோம் என்று சொல்பவர்கள், சட்டம் வந்து கையைப் பிடிக்கும்வரை காத்திருந்தது அவர்களுடைய வாதத்துக்கு வலு சேர்க்கவில்லை.

இலக்கிய வாசகர்களாகிய நமக்குத் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து வேட்டைக்குப் போகும் கதை புதிதன்று. ரோல்டு தால் 1975இல் எழுதிய ‘டேனி’ நாவலில் ஒரு தந்தையும் மகனும் பணக்காரரின் காட்டில் வான்கோழிக் குடும்பத்துப் பறவைகளைத் திருடத் திட்டமிடுகிறார்கள். அங்கே துப்பாக்கி இல்லை. தூக்க மருந்து வைத்துத் தைத்த உலர்திராட்சை இருக்கிறது. அந்நாவலைக் குழந்தைகள் இன்றும் விரும்புவதற்குக் காரணம், தந்தை தன் இரகசிய ஆசையை மகனிடம் மறைக்காமல் ஒப்புக்கொள்வதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. துர்கனேவின் 1852ஆம் ஆண்டு வேட்டைச் சித்திரங்களை எடுத்துக்கொண்டாலும், துப்பாக்கியோடு நடந்தவர் திரும்பிவந்து எழுதியது பண்ணையடிமைகளின் முகங்களைப் பற்றி. வேட்டை ஒரு சாக்கு, காண்பதே காரியம். நல்ல வேட்டை இலக்கியம் எல்லாவற்றிலும் இந்த மாற்றம் நிகழ்ந்திருக்கிறது.

ஆகவே நம் கருத்தைத் தொகுத்துச் சொல்வோம். பெற்றவர் தம் பிள்ளையோடு ஒரு நாளை வயலோரத்தில், வலைக்குப் பின்னால், பேச்சைக் குறைத்து, வானத்தைப் பார்த்துக் கழிப்பதை நாம் பழிக்கவில்லை. இந்தக் காலத்தில் பெற்றவரும் பிள்ளையும் ஆறு மணி நேரம் ஒரே திசையில் பார்த்து உட்கார்ந்திருக்க வேறெந்த வாய்ப்பும் அதிகமில்லை. ஆனால் அந்த நாள் நேர்மையானதாக இருக்கச் சில நிபந்தனைகள் வேண்டும். முதற்சில முறை பிள்ளை துப்பாக்கி இல்லாமலே வர வேண்டும். காற்றைப் பார்க்கவும், பறவையை இனங்காணவும், விழுந்ததை எடுக்கவும், இறகு பறிக்கவும் கற்ற பிறகே மற்றது. பயிருக்குச் சேதம் இருக்கும் வயலில், சேதம் நடக்கும் வேளையில் மட்டுமே சுட வேண்டும். கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் அந்தத் தேவையை இருமடங்கு கறாராகக் கேட்டுக்கொள்ள வேண்டும். காயம்பட்டு விழுந்த பறவையின் துன்பத்தை உடனே முடிப்பது, அடுத்த பறவையைவிட முக்கியம் என்று பிள்ளை அறிய வேண்டும். கொன்றது வீட்டு அடுப்புக்கு வர வேண்டும். உண்ண முடிகிற அளவோடு, அல்லது உண்பவர்க்குக் கொடுக்க முடிகிற அளவோடு நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர் உண்மையைச் சொல்ல வேண்டும். ‘உழவருக்காக வந்தோம்’ என்பது பாதி உண்மை. ‘எனக்கு இது பிடித்திருக்கிறது, காத்திருப்பதும் பிடித்திருக்கிறது, குறி தப்பாமல் விழும் அந்தக் கணமும் பிடித்திருக்கிறது, அந்தப் பிடித்தத்தைப் பற்றி எனக்குள் ஒரு கலக்கமும் இருக்கிறது’ என்பது மறுபாதி. இந்த மறுபாதியைப் பிள்ளையிடம் சொல்லத் துணிபவர் அதை வேட்டைக்கு அழைத்துச் செல்லலாம் என்போம். உழவரின் நட்டத்துக்குப் பின்னால் தன் மகிழ்ச்சியை ஒளித்துவைப்பவர், வயலில் இன்னொரு போலியை நட்டிருக்கிறார். அந்தப் போலியை நம்பி இறங்குவது அவருடைய பிள்ளை.

ஒரு நாள் அந்தப் பிள்ளை, ‘இன்று நான் சுடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்’ என்று சொல்லக்கூடும். அப்போது அந்தப் பெற்றவர் முகம் சுளிக்காமல் சற்று நகர்ந்து உட்கார இடம் கொடுத்தால், அதுவரை வயலில் கழித்த நாட்கள் வீணாகவில்லை என்று நாம் உறுதியாகச் சொல்வோம். பிள்ளை தொடர்ந்து சுட்டாலும் சரி, சுடாமல் போனாலும் சரி, அதற்குப் பார்வை கிடைத்திருக்கிறது. கோழிக்கடை வாசலில் பிள்ளையின் முகத்தைத் திருப்பிவிடும் நாம் அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை.